கைராசி என்றொரு பொய்

“என் கைக்குச் செடியே வராதுங்க.”

இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சொல்பவர் மேல் இல்லை, அவரை அப்படிச் சொல்ல வைத்திருக்கும் நம்பிக்கையின் மேல். செய்யாரில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். வெள்ளை படர்ந்த மணிபிளான்ட் ஒன்றை ஆசையாக வாங்கி, டிவி ஸ்டாண்ட் மேல் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, மூன்றே மாதத்தில் அழுகக் கண்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். ஏன் செத்தது என்று கேட்டால் தண்ணீரைச் சொல்ல மாட்டார், தொட்டியைச் சொல்ல மாட்டார், அறையின் இருட்டைச் சொல்ல மாட்டார். தன் கையைக் காட்டுவார்.

கைராசி என்று ஒன்று கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏதோ பாட்டி காலத்து அப்பாவி நம்பிக்கை, போகட்டும் என்று விட எனக்கு மனமில்லை. அது மூன்று பேரைக் காப்பாற்றுகிறது: செடியை விற்றவரை, ஜன்னல் இல்லாமல் வீட்டைக் கட்டியவரை, குறை சொல்லக் காத்திருக்கும் சொந்தக்காரரை. மாட்டிக்கொள்வது செடி வளர்த்தவர் மட்டும்தான். நம் வீடுகளில் அவர் பெரும்பாலும் ஒரு பெண்.

1

முதலில் செடியைப் பார்ப்போம். நர்சரிக்காரர்கள் ‘வெரிகேட்டட்’ என்று சொல்லி, சாதாரணச் செடியைவிட நாலு மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அந்தப் பாதி வெள்ளை பாதி பச்சை இலை. மணிபிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அக்லோனிமா என்று எல்லாவற்றிலும் இது கிடைக்கிறது.

எங்கள் பக்கம் ஆரணிப் பட்டும் காஞ்சிபுரம் பட்டும் நெய்கிற வட்டாரம். சேலையில் ஓரிடத்தில் வெள்ளை தெரிந்தால் அங்கே வெள்ளை இழை ஓடியிருக்கிறது என்று அர்த்தம். யாரோ அதைச் சாயம் ஏற்றாமல் எடுத்து வைத்திருக்கிறார், யாரோ அதைக் கோத்திருக்கிறார். இலையில் அப்படி இல்லை. இலையில் வெள்ளை தெரிந்தால் அங்கே எதுவும் சேர்க்கப்படவில்லை. பச்சையம் இல்லை, அவ்வளவுதான். பச்சையம் இல்லாத இடத்தில் சமையல் கிடையாது. பச்சைப் பகுதி வெயிலில் சமைத்ததை வெள்ளைப் பகுதி உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு வருகிறது. அடுப்பு பாதியாகிவிட்டது, சாப்பிடும் வாய் குறையவில்லை. அப்படியானால் இந்தச் செடிக்குச் சாதாரணப் பச்சைச் செடியைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். ஆனால் கடையில் என்ன சொல்லி விற்கிறார்கள்? “இன்டோர் பிளான்ட் மேடம், வெளிச்சமே வேணாம், பெட்ரூம்ல கூட வைக்கலாம்.”

அதை நம்பி பெட்ரூமில் வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். மணிபிளான்ட் மாதிரிக் கெட்டிச் செடியாக இருந்தால், புதிதாக வரும் இலைகளில் வெள்ளை குறைந்து பச்சை கூடும். செடி பிழைக்க வழி தேடுகிறது. நம் ஆட்கள் அதற்கும் “ராசி போச்சு, நிறம் மங்கிடுச்சு” என்பார்கள். வெள்ளை அதிகமுள்ள மான்ஸ்டெராவாக இருந்தால் வெள்ளைப் பகுதி பழுப்பாகிக் காகிதம் போலக் காயத் தொடங்கும். சரி, வெளிச்சம்தானே வேண்டும் என்று சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் இன்னும் மோசம். தன்னைக் காத்துக்கொள்ளும் நிறமிகள் குறைந்த அந்த வெள்ளை ஒரே மதியத்தில் கருகிவிடும்.

ஆக, நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடம். இதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

2

அந்த இடம் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? இங்கேதான் பிரச்சினை.

உச்சி வெயிலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மரநிழலில், தாழ்வாரத்தில் அது சில ஆயிரங்கள் வரை இறங்கும். ஜன்னலை ஒட்டி ஆயிரம், இரண்டாயிரம். ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே போனால் சில நூறுகள்தான். ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் இருநூறு சொச்சம். ஆனால் நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண் பாப்பாவைப் பெரிதாக்கிக்கொண்டு எல்லா அறையையும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். “ரூம் நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு” என்று நாம் சொல்லும் இடத்தில் செடி பட்டினி கிடக்கிறது.

பழைய தறி வீடுகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஓட்டுக் கூரைக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு போட்டிருப்பார்கள். ஜன்னலைப் பார்த்துத்தான் தறியை இறக்குவார்கள். அரக்குக்கும் கருப்புக்கும் பகல் வெளிச்சத்தில்தான் வித்தியாசம் தெரியும், அறுந்த இழையை அப்போதுதான் பிடிக்க முடியும். வெளியே திண்ணை, உள்ளே முற்றம், இரண்டுக்கும் நடுவே தாழ்வாரம். உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் ஓர் இடம். தென் மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரங்களின் நிழலில் தொற்றி ஏறும் மான்ஸ்டெராவுக்கு வேண்டியது துல்லியமாக அந்த இடம்தான்.

அதைத்தான் நாம் இடித்தோம். திண்ணையைக் கடையாக்கி வாடகைக்கு விட்டோம். முற்றத்தை மூடித் தளம் போட்டோம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிச் சுவர் எழுப்பி, ஜன்னலைத் திறந்தால் கான்கிரீட் தெரியும்படி செய்தோம். சிப்காட்டுக்கு ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் தங்கும் ஒற்றை அறைப் போர்ஷன்களில் சில நேரம் அந்த ஜன்னலும் இல்லை, கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர்தான். அங்கே ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மணிபிளான்ட் கொடியைச் செருகி, ஃபோன் சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற பெண்ணிடம் போய் “உனக்குக் கைராசி இல்லை” என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்? அவள் கையில் என்ன தப்பு? மாதாமாதம் வாடகை வாங்குகிறவர் ஒரு ஜன்னல் வைத்திருந்தால் அந்தக் கொடி சுவரெல்லாம் ஏறியிருக்கும்.

‘இன்டோர் பிளான்ட்’ என்று ஒரு செடி வகை உலகத்தில் கிடையாது. வீட்டுக்குள் முளைத்துப் பரிணமித்த செடி எதுவும் இல்லை. இருட்டில் சாவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்கிற செடிகளுக்கு வியாபாரம் வைத்த பெயர் அது.

3

அடுத்தது தண்ணீர். வீட்டுச் செடிகளைக் கொல்வது வறட்சி என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் கொல்வது பாசம்.

மணிபிளான்ட், மான்ஸ்டெரா, அக்லோனிமா எல்லாமே நம் சேப்பங்கிழங்கு, சேனை, கருணைக்கிழங்கு இருக்கும் அதே குடும்பம். புளி சேர்க்காமல் வேகவைத்தால் தொண்டையை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் உண்டு. அதனால் தவழும் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டாமல் வையுங்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சேம்பு சேற்றில் நிற்கும். கொடியாக ஏறும் இந்தச் சொந்தங்கள் மரப்பட்டையைப் பிடித்து வாழ்பவை. மழை பெய்தால் நனைவார்கள், வடிந்துவிடும், காற்று வரும். அவற்றின் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம்.

அதைக் கொண்டுவந்து, அடியில் ஓட்டை இல்லாத பளபள பீங்கான் தொட்டியில், ஏரிக் களிமண்ணை அடைத்து, இருட்டில் வைத்து, தினமும் காலையில் ஒரு டம்ளர் ஊற்றினால்? வெளிச்சம் இல்லாததால் செடி தண்ணீரைக் குடிக்காது. குடிக்காததால் மண் காயாது. காயாததால் வேர் மூச்சு முட்டி அழுகும். வேர் அழுகியதால் தண்ணீர் மேலே ஏறாமல் இலை வாடும். வாடியதைப் பார்த்து நாம் இன்னொரு டம்ளர் ஊற்றுவோம். கடைசியில் எல்லாம் முடிந்த பிறகு கையைப் பார்த்துக்கொள்வோம்.

இதை மாற்ற மந்திரம் தேவையில்லை. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். ஓட்டையுள்ள மண் தொட்டி. தேங்காய் நார்க் கழிவு, உடைத்த செங்கல், அடுப்புக்கரி, கொஞ்சம் மக்கிய எரு கலந்த பொலபொல மண். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும், வெள்ளை இலையில் அது முதலில் தெரியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். இலையைப் பாலிலும் தேங்காய் எண்ணெயிலும் துடைக்காதீர்கள், ஈரத்துணி போதும்.

எங்கள் பக்கத்து நெசவாளர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நிற்கும். இழை ஈரம் குடித்து இழுபடும். அப்போது மழையைத் திட்டுவார்கள், தரையைத் திட்டுவார்கள், கூலி போச்சே என்று புலம்புவார்கள். “என் காலுக்குத் தறி வராது” என்று சொன்ன நெசவாளி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தொழில் என்று வந்துவிட்டால் நாம் காரணம் தேடுகிறோம். வீட்டு வேலை என்றால் ராசி தேடுகிறோம்.

4

“அப்படியெல்லாம் இல்லீங்க, சில பேர் வச்சா வருது, சில பேர் வச்சா வரலையே” என்பீர்கள். வரும். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

அந்திமந்தாரை எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் பூக்கும் செடி. அதில் சில செடிகளில் ஒரு கிளை முழுப் பச்சையாகவும், ஒரு கிளை முழு வெள்ளையாகவும், ஒரு கிளை கலந்தும் வரும். ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ் இதை ஆராய்ந்து 1909இல் எழுதினார். பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதை பச்சைச் செடியைத் தந்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றைத் தந்தது. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் இது மாறவில்லை. பச்சையத்தைத் தாங்கும் கணிகங்கள் தாய்ச் செல் வழியாகத்தான் போகின்றன என்பதற்கு அது முதல் சான்றுகளில் ஒன்று. அந்த வெள்ளை நாற்றுக்கு என்ன ஆனது? விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் செத்தது. எந்த மகராசி கையில் கொடுத்தாலும் சாகும். விதையில் எழுதியிருப்பதை விரல் மாற்றாது.

இரண்டாவது, நம் ஊரின் புகழ்பெற்ற நம்பிக்கை: மணிபிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும், காசு கொடுத்து வாங்கினால் வராது. தென் பசிபிக்கில் மோரியா என்ற தீவிலிருந்து கிளம்பிய செடி இது. பூக்கத் தேவையான ஜிப்பரெலின் ஹார்மோனைத் தயாரிப்பதில் அதற்குக் குறை இருக்கிறது என்று 2016இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் அது பூப்பது அபூர்வம், விதை மூலம் பரவுவதும் இல்லை. கொடியை வெட்டி, வெட்டியதை நட்டு, நட்டதை மறுபடி வெட்டி என்றே உலகம் சுற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டில் திருடியதும் நர்சரியில் வாங்கியதும் ஏறக்குறைய ஒரே செடியின் துண்டுகள். வித்தியாசம் எங்கே என்றால், திருடும்போது நன்றாக வளர்ந்த கொடியில் கணுவோடு ஒடிக்கிறோம், உடனே தண்ணீரில் போடுகிறோம். கணுவிலிருந்து வேர் வருகிறது. பெருமை கணுவுக்குச் சேர வேண்டியது, அதைத் திருட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

இந்தக் கணு விஷயம் தெரியாததால்தான் ஆன்லைனில் ஏமாறுகிறோம். வெள்ளை மான்ஸ்டெரா என்று ஒற்றை இலையைக் கணு இல்லாமல் அனுப்புகிறவர்கள் உண்டு. அது தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர்கூட விடலாம், புது இலை மட்டும் வரவே வராது. ‘பிங்க் காங்கோ’ என்ற பிலோடென்ட்ரான் இளஞ்சிவப்பு இலையோடு கொள்ளை விலைக்குப் போனது. ரசாயனம் கொடுத்து வரவைத்த நிறம் அது, சில மாதங்களில் புது இலையெல்லாம் பச்சையாக வந்தது. வாங்கியவர்கள் தங்கள் பராமரிப்பைச் சந்தேகப்பட்டார்கள். நியூசிலாந்தில் 2021இல் பத்து இலைகூட இல்லாத ஒரு வெள்ளை படர்ந்த கொடி ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. ஒரு குறைபாட்டுக்கு இந்த விலை வைக்கும் சந்தையில், செடி செத்தால் வாங்கியவரே தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வது எவ்வளவு வசதி! ரீஃபண்ட் கேட்க யாரும் வர மாட்டார்கள்.

“காத்தைச் சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்கு” என்பதும் இதே கடைப் பேச்சுதான். நாசா 1989இல் ஆராய்ந்தது மூடி அடைத்த சிறு பெட்டிக்குள் வைத்த செடிகளை. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் அந்த அளவு காற்றைச் செடிகளால் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான மறு ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது. உட்கார இடம் இருக்காது.

5

செய்யாருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதையே இருக்கிறது. ஊரிலிருக்கும் வேதபுரீஸ்வரர் கோயில்தான் தேவாரத்தின் திருவோத்தூர். அங்கே ஒரு சிவனடியார் கோயிலுக்காகப் பனை வளர்த்தார், அத்தனையும் ஆண் பனையாகப் போய்விட்டன, ஒன்றும் காய்க்கவில்லை, சமணர்கள் அவரைக் கேலி செய்தார்கள், அவர் சம்பந்தரிடம் முறையிட்டார், சம்பந்தர் பாட ஆண் பனைகள் குலை ஈன்றன என்கிறது பெரிய புராணம்.

பக்தியோடு படிப்பவர்கள் அற்புதத்தைப் படிக்கட்டும். நான் அந்தக் கேலியைப் படிக்கிறேன். பனையில் ஆண் வேறு மரம், பெண் வேறு மரம். பன்னிரண்டு, பதினைந்து வருடம் கழித்துப் பாளை விடும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மனிதர் கொட்டை நட்டார், தண்ணீர் ஊற்றினார், வருடக்கணக்கில் காத்திருந்தார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் காய்க்காத மரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று சுற்றி நின்றவர்கள் முடிவு செய்தார்கள். அவருக்காவது பாட ஒருவர் வந்தார். டிவி ஸ்டாண்ட் மேல் மணிபிளான்ட் செத்த வீட்டு மருமகளுக்கு யார் வந்து பாடுவார்கள்?

மருமகள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ‘ராசி’ என்ற சொல் நம் வீடுகளில் யாரை நோக்கி நீட்டப்படுகிறது என்று யோசியுங்கள். அவள் வந்த நேரம், அவள் காலடி, அவள் கை. “தீட்டு நாள்ல தொட்டா கறிவேப்பிலை பட்டுப்போகும், துளசி வாடும்” என்று இன்றைக்கும் பெண்களைச் செடியிலிருந்து தள்ளி நிறுத்துகிறார்கள். மாதத்தில் சில நாள் அவளைத் தொட விடாமல், தண்ணீர் ஊற்றும் முறையை மாற்றிவிட்டு, செடி வாடினால் அதற்கும் அவளே காரணம்! குழந்தை பிறக்காவிட்டாலும், வியாபாரம் நொடித்தாலும், கடன் ஏறினாலும் இதே விரல்தான் நீளும். மணிபிளான்ட் அந்தப் பெரிய பழக்கத்தின் சின்னப் பயிற்சி.

“அட, நல்ல விதமாவும் சொல்றோமே, ‘உனக்கு நல்ல கைராசி’ன்னு பாராட்டுறோமே, அதுல என்ன தப்பு?” என்று கேட்கலாம். அந்தப் பாராட்டுதான் எனக்கு இன்னும் அதிகமாக உறுத்துகிறது. எது வைத்தாலும் தழைக்கிற ஒரு அத்தையோ பாட்டியோ எல்லோர் தெருவிலும் உண்டு. அவர் என்ன செய்கிறார் என்று அருகில் நின்று பாருங்கள். காலையில் முதல் வேலையாகத் தொட்டியைத் தூக்கி எடை பார்ப்பார். இலையைத் திருப்பி மாவுப்பூச்சி தேடுவார். வெயில் தெற்கே சாய்ந்ததும் தொட்டியை ஓரடி நகர்த்துவார். வெட்டும்போது கணுவுக்குக் கீழே வெட்டுவார். நாற்பது வருடப் படிப்பு அது. அதை ஒரே சொல்லில் அதிர்ஷ்டமாக்கிவிடுகிறோம். நர்சரி வைத்திருக்கும் ஆணுக்கு ‘அனுபவம்’, பயிர் வைப்பவருக்கு ‘நுட்பம்’, கொல்லையில் வளர்க்கும் பெண்ணுக்கு மட்டும் ‘ராசி’. தறி வீட்டிலும் இதே கதைதான். நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள், அது இல்லாமல் ஒரு முழம் நெய்ய முடியாது, ஆனால் நெசவாளி என்று கேட்டால் தறியில் உட்கார்ந்தவரைத்தான் காட்டுவோம்.

ராசி என்று சொல்லிவிட்டால் அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அதுதான் அதிலுள்ள சௌகரியம். அதிர்ஷ்டத்தை யாரும் பாடம் கேட்க முடியாதே. அவரோடு அந்தப் படிப்பும் போய்விடும். பிறகு நாம் ஃபோனை எடுத்து, குளிர் நாட்டில் யாரோ தன் வீட்டுக்குச் சொன்ன பராமரிப்பைப் பார்த்து, செய்யார் வெயிலில் அதைச் செய்துகொண்டிருப்போம்.

6

“ஒரு செடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். காரணம் கேட்கும் பழக்கம் எங்காவது ஓரிடத்தில் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு தொட்டி நல்ல இடம். தப்பு நடந்தால் யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை, மூன்று வாரத்தில் பதில் தெரிந்துவிடும்.

வெள்ளை படர்ந்த செடியை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வாங்கும் முன் பர்ஸைத் திறக்காமல் ஜன்னலைத் திறந்து பாருங்கள். பகலில் விளக்குப் போடாமல், அந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை இடுக்காமல் புத்தகம் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் அங்கே செடி வேண்டாம். வீட்டிலேயே வெளிச்சமான ஒரே இடத்தில் டிவி இருந்தால் டிவியை நகர்த்துங்கள். இடமே இல்லையென்றால், “எனக்குக் கைராசி இல்லை” என்று சொல்லாமல் “இந்த வீட்டில் ஜன்னல் இல்லை” என்று சொல்லுங்கள். சத்தமாக, வீட்டுக்காரர் காதில் விழும்படி.

அடுத்த முறை யாராவது ஒரு பெண்ணிடம், “உன் கைக்கு எதுவும் வராது” என்று சொன்னால், செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரை அவர் முன்னால் நீட்டுங்கள். வேர் கறுத்து, நாறி, கொழகொழவென்று இருக்கும். அது தண்ணீர், அது ஓட்டையில்லாத தொட்டி, அது இருட்டு. இதில் அவள் ராசி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.